கேம் உங்களுடையதா, வாடகைக்கு வந்ததா?

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்த அன்றே பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன கேம் ஆடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். படிப்புக்கு, டைப்பிங் பழக, ரயில் டிக்கெட் எடுக்க என்று ஆயிரம் காரணம் சொல்லித்தான் கம்ப்யூட்டரை வாங்குகிறோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் அதிக நேரம் ஓடுவது ஏதாவது ஒரு கார் ரேஸ். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கேமுக்குப் பணம் கட்டும் நேரம் வரும்போது பெரும்பாலானவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. விலையைப் பார்க்கிறோம். அந்த விலைக்கு நம் கைக்கு வருவது என்ன என்று பார்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி விற்க முடியாத, அடுத்தவருக்குக் கொடுக்க முடியாத, கம்பெனி நினைத்தால் நின்று போகக்கூடிய ஒன்றுக்கு முழு விலை வாங்குவது நியாயம் இல்லை. அதற்குப் பெயர் வாடகை. வாடகை என்றால் வாடகை என்று சொல்ல வேண்டும். வாடகைக்கு உரிய தொகையைத்தான் கேட்க வேண்டும்.

மலை ஊரில் இருந்து பாருங்கள்

பழனி மலையில் கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை என்று பல ஊர்கள். இவற்றில் ஒரு வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் வரும் கேமைத் தேடி மதுரைக்குப் போவதென்றால் கொடைக்கானலில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வழியாக இறங்கி, கடையைத் தேடி, மறுபடி மலை ஏறினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

அந்த வீட்டுக்கு டவுன்லோட் என்பது பெரிய வரம்தான். பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலை போடத் தொடங்கியது. அதற்கு முன் டாலர் விலையைப் பார்த்து, அதை ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது பூம்பாறையில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே நிமிடத்தில், ஒரே விலையில் கேம் வாங்கலாம். தள்ளுபடி நாட்களில் மிகக் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. இதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் பணம் கட்டிய பிறகு என்ன ஆகிறது? இன்றைய பெரிய கேம்கள் பல 100 ஜிபிக்கு மேல் இருக்கின்றன. பிராட்பேண்ட் வராத ஒரு மலை வீட்டில் மொபைல் இன்டர்நெட்தான் உண்டு, தினமும் 2 ஜிபி கிடைக்கிறது என்று வையுங்கள். 100 ஜிபியை 2ஆல் வகுத்தால் 50. வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தால்கூட ஒரு கேம் இறங்க 50 நாள் ஆகும். ஜிடிஏ 5 கேம் 2015ல் பிசிக்கு வந்தபோது அதன் பெட்டியில் 7 டிவிடிக்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டு இன்ஸ்டால் செய்வது சலிப்பான வேலைதான். ஆனால் அது ஒரு மாலை நேர வேலை. 50 நாள் வேலை இல்லை.

இன்னொன்று, தனியாளாக ஆடும் கேமாக இருந்தாலும் சில கேம்கள் ஒவ்வொரு முறையும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனி சர்வரைத் தொடர்பு கொண்ட பிறகுதான் ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் தாக்கி, மரங்கள் சாய்ந்து, மின்சாரமும் தகவல் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம். மலையில் ஒரு நல்ல மழை பெய்தாலே நெட் போய்விடும். யூபிஎஸ் இருக்கிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது, கேமுக்குப் பணமும் கட்டியாயிற்று; ஆனாலும் ஆட முடியாது.

கை மாறிய டிஸ்க்குகள்

2000களில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு ப்ராஜெக்ட் ஐஜிஐ, வைஸ் சிட்டி, ரோட் ரேஷ் ஆகிய பெயர்கள் மறந்திருக்காது. அன்று ஓடியவற்றில் பெரும்பாலானவை காப்பி அடித்த சிடிக்கள். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் காசு கொடுத்து ஒரிஜினல் டிஸ்க் வாங்கியவருக்கு அப்போது ஒரு வசதி இருந்தது. ஆடி முடித்ததும் நண்பருக்குக் கொடுக்கலாம். செகண்ட் ஹேண்டில் விற்கலாம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அடுத்த கேம் வாங்கலாம்.

இது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. பிளஸ் டூ முடித்த அண்ணனிடம் இருந்து கைடுகளைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை அடுத்த வருடம் இன்னொரு தம்பிக்குக் கொடுத்திருப்போம். ஒரு புத்தகம் நான்கு வீடு பார்த்துவிடும். புதிது வாங்க வசதி இல்லாதவனுக்கும் புத்தகம் கிடைத்தது இப்படித்தான். கடை தூரமாக உள்ள ஊர்களில் இந்தக் கை மாறல்தான் பாதிக் கடை.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் ரூ.49,990. டிஸ்க் போட இடமே இல்லாத டிஜிட்டல் மாடல் ரூ.39,990. பத்தாயிரம் ரூபாய் லாபம் என்று டிஜிட்டல் மாடலை வாங்கத் தோன்றும். ஆனால் அந்த நாட்களில் அதற்கான பெரிய கேம்கள் சிலவற்றின் விலை ரூ.4,999. டிஸ்க்காக வாங்கிய ஒரு கேமை ஆடி முடித்து ரூ.2,500க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கேம் விற்றால் அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். ஐந்தாவது கேமில் இருந்து டிஸ்க் மாடல்காரருக்குத்தான் லாபம். டிஜிட்டல் மாடல்காரருக்கு எந்தக் கேமில் இருந்தும் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. விலைச் சீட்டில் இந்தக் கணக்கு எழுதியிருக்காது.

மைக்ரோசாப்ட் 2013ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற மெஷினை அறிவித்தபோது, பழைய கேம் டிஸ்க்குகளை விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு வைக்கப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்க்கவே, அதே ஆண்டு ஜூன் 19ஆம் தேதி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் அன்று கட்டுப்பாடு போட்டுச் செய்ய முடியாததை, டிஸ்க் டிரைவ் இல்லாத மெஷின்களும் டவுன்லோடும் சத்தமில்லாமல் செய்து முடித்துவிட்டன.

'வாங்கு' என்ற பட்டன்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருபவர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு காட்டேஜில் மூன்று நாள் தங்குகிறார். அறைக்குப் பணம் கட்டுகிறார். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்கு வருத்தம் இல்லை. ஏனென்றால் அது வாடகை என்று முதலிலேயே தெரியும். அதே காட்டேஜை "விற்கிறேன்" என்று சொல்லி முழு விலையையும் வாங்கிக்கொண்டு, சில வருடம் கழித்துப் பூட்டை மாற்றினால் சும்மா இருப்பாரா?

கேம் உலகில் இது நடந்திருக்கிறது. யூபிசாப்ட் கம்பெனி 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேமை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் சர்வர் தொடர்பு வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்திவிட்டார்கள். அத்துடன் கேமும் நின்றது. டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். இதைத் தொடர்ந்து 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. ஐரோப்பிய யூனியனிடம் அவர்கள் கொண்டு சென்ற மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். சர்வரை என்றென்றும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் தன் கம்ப்யூட்டரில் ஆடும்படி ஒரு வழி செய்துவிட்டுப் போ என்றுதான் கேட்டார்கள்.

கேம் நிற்காவிட்டாலும் அதன் உள்ளே மாற்றம் வரலாம். ஜிடிஏ 4 கேம் வெளிவந்தது 2008ல். அதில் வரும் கார் ரேடியோ பாட்டுகளுக்கு வாங்கிய உரிமம் பத்து வருடத்தில் முடிந்தது. 2018 ஏப்ரலில் ஒரு அப்டேட் மூலம் பல பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களின் கேமில் இருந்தும்தான். நீங்கள் கடையில் வாங்கிய பாட்டு கேசட்டில் இருந்து, பத்து வருடம் கழித்துக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து நான்கு பாட்டை அழித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு சட்டம் போட்டது. 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பொருளை விற்பவர், அது வெறும் லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக்கூடாது என்பதே அதன் சாரம். 2024 அக்டோபரிலேயே ஸ்டீம் தளம், நீங்கள் வாங்குவது லைசென்ஸ்தான் என்ற அறிவிப்பைப் பணம் கட்டும் பக்கத்தில் போட்டுவிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதால் விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

2004ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. சிடியில் பதிவு செய்து விற்கப்படும் ரெடிமேட் சாப்ட்வேர் ஒரு 'சரக்கு', அதற்கு விற்பனை வரி உண்டு என்பது தீர்ப்பு. அதாவது அரசு வரி கேட்கும்போது சாப்ட்வேர் ஒரு பொருள்.

காப்புரிமைச் சட்டத்திலும் ஒரு சுவாரசியமான மாற்றம் உண்டு. 1994ல் வந்த திருத்தம், ஏற்கெனவே ஒரு முறை விற்கப்பட்ட பிரதியாக இருந்தாலும், கம்ப்யூட்டர் புரோகிராமை விற்கும் உரிமை அதன் காப்புரிமைக்காரருக்கே என்று எழுதி வைத்தது. 1999ல் வந்த திருத்தம் அந்த வரியை நீக்கிவிட்டது. முறையாக வாங்கிய புரோகிராமுக்கு, அது கெட்டுப்போனால் உதவுவதற்காக ஒரு பேக்கப் பிரதி எடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

சட்டம் போன திசை வாங்குபவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் டவுன்லோட் செய்யும் கேமில் நாம் 'ஐ அக்ரி' என்று கிளிக் செய்கிற நீண்ட ஒப்பந்தம் வேறு திசையில் போகிறது. ஸ்டீம் ஒப்பந்தப்படி உங்கள் அக்கவுண்டை நீங்கள் விற்கவோ, மற்றவருக்கு மாற்றித் தரவோ முடியாது. ஒருவர் பத்து வருடம் சேர்த்து வைத்த நூறு கேம்களைத் தன் மகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கவும் முடியாது. அவர் அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு இந்தத் தடை இல்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றால் என்ன என்று விளக்குகிறது. தக்க காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தருவதும் அதில் அடங்கும். டிஜிட்டல் கேம்களுக்கும் இது எந்த அளவு பொருந்தும் என்பதை நுகர்வோர் அமைப்புகள் எழுப்ப வேண்டும்.

கேம் செய்பவர்கள் பக்கம்

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் விற்பனையில் கேமை உருவாக்கியவருக்கு ஒரு காசும் போவதில்லை. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தையும் அவர்கள் சமையலையும் வைத்து 2023ல் 'வெண்பா' என்ற கேம் வந்தது. டொரன்டோவில் உள்ள ஒரு சிறிய குழு செய்தது. இட்லி செய்வதையே கேமாக்கிய அந்தக் குழு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விருது வாங்கியது. அப்படிப்பட்ட சிறிய குழுக்கள் டிஸ்க் அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. டிஜிட்டல் விற்பனை இல்லாவிட்டால் அந்தக் கேம் நம் கைக்கே வந்திருக்காது. டிஜிட்டல் பிரதி பழையதாகி நைந்து போவதும் இல்லை. எல்லோரும் மறுவிற்பனைக்கே போய்விட்டால் சிறிய குழு பிழைக்க முடியாது.

டிஸ்க்கும் குறையே இல்லாதது அல்ல. சேப்டிஸ்க் என்ற பாதுகாப்பு முறையோடு வந்த பழைய கேம் டிஸ்க்குகள் விண்டோஸ் 10ல் ஓடாமல் போயின. இன்று சில பெட்டிகளைத் திறந்தால் டிஸ்க் இருக்காது. டவுன்லோட் செய்வதற்கான கோடு எண் மட்டும்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் நடுவழி இல்லாமல் இல்லை. ஒரு கேமை ஒரே ஒரு முறை மற்றவருக்கு மாற்றித் தர அனுமதிக்கலாம். அதில் ஒரு சிறு பங்கைக் கேம் செய்தவருக்குக் கொடுக்கலாம். கணக்கு முழுவதும் கம்பெனி சர்வரிலேயே இருப்பதால் இது கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய வேலை அல்ல. அதற்கு மனம் இல்லையென்றால் விலையைக் குறைக்கலாம். சர்வரை மூடினால் பணத்தைத் திருப்பித் தரலாம். சோனி கம்பெனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'கான்கார்ட்' கேம் எடுபடாமல் போனபோது, இரண்டே வாரத்தில் நிறுத்தி, வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. அதாவது, செய்ய முடியும்.

கையில் இருந்தால்தான் நிலைக்கும்

1899ல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பழைய படங்கள் கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் இருந்தன. பின்னர் அவற்றை டிஜிட்டல் ஆக்கினார்கள். நூறு வருட சூரியனை இன்று ஒரு மாணவர் தன் கம்ப்யூட்டரில் பார்க்கிறார். தட்டுகள் ஆய்வகத்தின் கையிலேயே இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. கேம்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை. பழைய டிஸ்க்கும் கேட்ரிட்ஜும் வைத்திருப்பவர்களிடம்தான் அவை உயிரோடு இருக்கின்றன.

வாங்கும் முன் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பணம் கட்டும் முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? கேமின் பக்கத்தில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். தனியாள் கேமுக்கும் நெட் வேண்டும் என்றால் யோசியுங்கள்.

2. எத்தனை ஜிபி? உங்கள் நெட் பிளானில் எத்தனை நாளில் இறங்கும் என்று வகுத்துப் பாருங்கள்.

3. சேமித்து வைக்க முடியுமா? ஜிஓஜி என்ற தளம் விற்கும் கேம்களின் இன்ஸ்டால் பைலை டவுன்லோட் செய்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரே கேம் இரண்டு இடத்தில் கிடைத்தால் இதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

4. திருப்பித் தர முடியுமா? ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள்.

5. வீட்டில் பகிர முடியுமா? ஸ்டீமில் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரே கேமை இரண்டு முறை வாங்க வேண்டாம்.

இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் இல்லாத கேமை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழு விலைக்கு வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தள்ளுபடிக்குக் காத்திருங்கள். வாடகைக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அந்த அளவுக்கு விலை இறங்கும்போது வாங்குங்கள். பணம் கட்டியும் கேம் ஓடவில்லை, கடையும் பதில் சொல்லவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

காய்கறிக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம், 'ஐ அக்ரி' பட்டனை மட்டும் படிக்காமலே கிளிக் செய்துவிடுகிறோம். அடுத்த முறை உங்கள் பிள்ளை கேம் கேட்கும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். எது விற்பனை, எது வாடகை என்ற வித்தியாசம் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். பெரியவனாகி வீடு, நிலம் வாங்கப் போகும்போதும் அது உதவும்.